கூத்து வீடியோ ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது? சொந்த சர்வரில் வீடியோ வைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

காட்பாடியில் இருந்துகொண்டு அணைக்கட்டு, ஒடுகத்தூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் நடக்கும் தெருக்கூத்துகளைப் பதிவு செய்து, என் சொந்த சர்வரில் வைத்து வருகிறேன். பழைய வட ஆற்காடு 1989இல் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மறுபடி மூன்றானது. ஜமாக்கள் எனப்படும் கூத்துக் குழுக்களுக்கு இந்த எல்லைகள் எதுவும் கிடையாது. செய்யாறு பக்கத்து ஜமா குடியாத்தத்தில் ஆடும், அணைக்கட்டு ஜமா ஆரணியில் ஆடும். பங்குனி பிறந்து, திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தோடு நடக்கும் அக்னி வசந்த விழாக்கள் தொடங்கியதும் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். ஜமாக்காரர்கள், பள்ளி ஆசிரியர்கள், கோயில் விழாக் குழுவினர் என்று பலரும் இப்போது தங்கள் வீடியோவைத் தாங்களே ஏற்றி வைக்கிறார்கள். எல்லோருடைய குறையும் ஒன்றுதான்: "வீடியோ லோட் ஆக மாட்டேங்குது." இதுவரை என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அமுக்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?

எப்போது சுற்றுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். தொடங்கவே நேரமாகி, தொடங்கிய பிறகு தடையில்லாமல் ஓடினால் அது ஒரு வியாதி. உடனே தொடங்கி, பத்து விநாடிக்கு ஒருமுறை நின்று நின்று ஓடினால் அது வேறு வியாதி. சிலருக்கு ஓடி, சிலருக்குச் சத்தம் மட்டும் வந்தால் அது மூன்றாவது.

முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் கோப்பு கட்டப்பட்ட விதம், அல்லது சர்வர் இருக்கும் தூரம். இரண்டாவது வகையில், கோப்பின் கனம் பார்ப்பவரின் இணையத்துக்கு மீறியதாக இருக்கும், அல்லது ஒரே நேரத்தில் அதிகம் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்றாவது கோடெக் பிரச்சினை, அதாவது வீடியோவைச் சுருக்கிய முறை பார்ப்பவரின் சாதனத்துக்குப் புரியாதது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ஹோஸ்டிங் திட்டத்தை மாற்றிப் பணம் கட்டாதீர்கள். என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை சர்வரைத் தொடாமல் கோப்பிலேயே சரியானவை.

தொடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அப்புறம் நன்றாக ஓடுகிறது. ஏன்?

எம்பி4 கோப்புக்குள் படமும் ஒலியும் ஒரு பெரிய மூட்டையாக இருக்கும். எந்தக் காட்சி மூட்டையின் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை நிமிடம், என்ன அளவு என்று சொல்லும் அட்டவணை ஒன்று தனியாக இருக்கும். அதை மூவ் ஆட்டம் என்பார்கள். அட்டவணையைப் படிக்காமல் எந்த உலாவியாலும் முதல் காட்சியைக்கூடக் காட்ட முடியாது.

சிக்கல் என்னவென்றால், போனும் எடிட்டிங் மென்பொருளும் பெரும்பாலும் இந்த அட்டவணையைக் கோப்பின் கடைசியில்தான் எழுதும். பதிவு முடிந்த பிறகுதானே மொத்தக் கணக்கு தெரியும். கூத்தில் கட்டியங்காரன் முதலில் வந்து, இன்ன கதை, இன்ன வேஷம் வரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் விடியற்காலையில் வந்தால் சபைக்கு என்ன புரியும்? அட்டவணை கடைசியில் இருக்கும் கோப்பும் அப்படித்தான். சர்வர் ஒத்துழைத்தால் உலாவி கடைசிக்குத் தாவி அட்டவணையை எடுத்துக்கொண்டு மறுபடி முதலுக்கு வரும். ஒத்துழைக்காவிட்டால் கோப்பு முழுவதும் இறங்கும்வரை வட்டம் சுற்றும்.

சரிசெய்வது மிக எளிது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சம்மரி பக்கத்தில் 'வெப் ஆப்டிமைஸ்டு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டுவிட்டு மாற்றினால் அட்டவணை முன்னால் வந்துவிடும். கட்டளை எழுதி வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் தெரிந்தவர்களுக்கு இன்னும் சுலபம்: படம், ஒலி இரண்டையும் காப்பி என்று வைத்து, மூவ்ஃபிளாக்ஸில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் என்று கொடுத்தால் போதும். தரம் ஒரு துளியும் குறையாது. ஒரு கோப்பை நகல் எடுக்க ஆகும் நேரம்தான் ஆகும்.

இதை நான் தெரிந்துகொள்ளும் முன் ஆறு மாதம் கஷ்டப்பட்டேன். ஓர் அர்ச்சுனன் தபசு, 40 நிமிடம். தபசு மரத்தின் உச்சியில் அர்ச்சுனன் வேஷக்காரர் பாடும் இடத்தைப் பார்க்க அவருடைய மகளே முயன்று, முடியாமல் விட்டுவிட்டார். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டேன். பெரிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள், மாறினேன். எதுவும் மாறவில்லை. கடைசியில் ஃபாஸ்ட்ஸ்டார்ட் செய்து அதே கோப்பை ஏற்றினேன், இரண்டு மூன்று விநாடியில் தொடங்கியது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறேன்.

போனில் எடுத்ததை அப்படியே ஏற்றக் கூடாதா?

கூடாது. கணக்கைப் பாருங்கள்.

போன்கள் 1080பி அளவில், எச்.264 என்ற சுருக்கும் முறையில் எடுக்கும்போது சுமார் 17 எம்பிபிஎஸ் வேகத்தில் எழுதுகின்றன. எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட் என்பதால், எட்டால் வகுத்தால் எம்.பி. கிடைக்கும். 17ஐ எட்டால் வகுத்து 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 127 எம்.பி. 40 நிமிடத்துக்கு 5 ஜி.பி.க்கு மேல்.

பார்ப்பவரின் பக்கம் யோசியுங்கள். நாளுக்கு 1.5 ஜி.பி. கிடைக்கும் பேக் போட்டிருப்பவர் அதை முழுதாகப் பார்க்க மூன்று நாள் டேட்டாவுக்கு மேல் வேண்டும். டேட்டா இருந்தாலும், விநாடிக்கு 17 மெகாபிட் தடையில்லாமல் வந்துகொண்டே இருந்தால்தான் படம் நிற்காது. வேலூர் நகரத்தில் நல்ல சிக்னலில் வரலாம். அமிர்தி காட்டோரத்திலோ, ஜவ்வாது மலை அடிவாரத்திலோ ஒரு கோடு சிக்னலை வைத்துக்கொண்டு பார்ப்பவருக்கு வராது. நம் கூத்தைத் தேடிப் பார்ப்பவர்களில் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான் கடைப்பிடிக்கும் அளவு இது. 720பி, படத்துக்கு 2 எம்பிபிஎஸ், ஒலிக்கு 128 கேபிபிஎஸ் (விநாடிக்கு எத்தனை கிலோபிட் என்பது; 1000 சேர்ந்தால் ஒரு எம்பிபிஎஸ்). நிமிடத்துக்கு 16 எம்.பி., 40 நிமிடத்துக்கு 640 எம்.பி. இதோடு 480பி அளவில் இன்னொரு பிரதி, படத்துக்கு 800 கேபிபிஎஸ், ஒலிக்கு 96. அது 40 நிமிடத்துக்கு 270 எம்.பி. வரும். ஆறு அங்குலப் போன் திரையில் 720பிக்கும் 1080பிக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். நின்று நின்று ஓடுவதை மட்டும் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஹேண்ட்பிரேக்கில் வீடியோ பக்கத்தில் 'ஆவரேஜ் பிட்ரேட்' என்பதைத் தேர்ந்து 2000 என்று எழுதுங்கள். விநாடிக்கு எத்தனை பிட் என்பதுதான் பிட்ரேட், இங்கே கேபிபிஎஸ் கணக்கு. இரண்டு முறை அலசும் மல்டி பாஸ் வசதியையும் போட்டுவிடுங்கள். நேரம் கூடுதலாக ஆகும், ஆனால் சபை அமைதியாக இருக்கும் காட்சியில் மிச்சம் பிடித்து, சண்டைக் காட்சிக்குக் கொடுக்கும். இரவு படுக்கப் போகும்முன் ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

பகலில் எடுத்த பாரதச் சொற்பொழிவு தெளிவாக இருக்கிறது. அதே அளவுக்குச் சுருக்கினால் இரவுக் கூத்து மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறதே?

நல்ல கேள்வி. கூத்து எடுப்பவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது.

வீடியோ என்பது ஃபிரேம் எனப்படும் தனித்தனிப் படங்களின் வரிசை, அதைத்தான் இங்கே காட்சி என்கிறேன். வீடியோவைச் சுருக்கும் முறை, ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் எழுதி வைப்பது. சொற்பொழிவாளர் உட்கார்ந்து பேசுகிறார், பின்னால் கோயில் சுவர். சுவரை ஒருமுறை எழுதினால் போதும், அதற்குப் பிறகு அவருடைய கையும் வாயும்தான் மாறும். அதனால் 1 எம்பிபிஎஸ்ஸே தாராளம்.

இரவில் வெளிச்சம் போதாதபோது கேமரா உணர்திறனைத் தானாக ஏற்றிக்கொள்ளும். இருட்டான பகுதி முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள் துடிக்கும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு காட்சியிலும் இடம் மாறுவதால், சுருக்கும் நிரலுக்கு எல்லாமே புதிதாகத் தெரிகிறது. கொடுத்த பிட்டையெல்லாம் வெறும் இருட்டை எழுதவே செலவழித்துவிடுகிறது. துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வந்து, கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மின்னச் சுழன்று ஆடும் நேரத்தில் அவருக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அப்போதுதான் கட்டம் கட்டமாக உடைகிறது.

இதற்குப் பாதி மருந்து எடுக்கும் இடத்திலேயே இருக்கிறது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கையில் பிடித்தால் ஆட்டத்தில் முழுப் படமும் மாறும், முழுப் படத்தையும் மறுபடி எழுத வேண்டிவரும். தூரத்தில் நின்று போனை ஜூம் செய்யாமல், ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி, பின்பாட்டுக்காரர்களுக்கு மறைக்காத ஓர் ஓரத்தில் அருகிலேயே இடம் கேட்டு வாங்குங்கள். மறுத்த வாத்தியாரை நான் பார்த்ததில்லை. வெளிச்ச அளவைப் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அரிதாரம் பூசிய முகம் வெளுத்தும் கறுத்தும் மாறிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, எல்இடி விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் அதோடு ஒத்துப்போகாவிட்டால் படத்தில் இருட்டுப் பட்டைகள் ஏறி இறங்கும். அதுவும் ஒவ்வொரு காட்சியையும் மாற்றிப் பிட்டைத் தின்னும். புரோ மோடு இருந்தால் ஷட்டரை ஐம்பதில் ஒன்று, காட்சி எண்ணிக்கையை விநாடிக்கு 25 என்று வையுங்கள்.

மீதிப் பாதி மருந்து சுருக்கும்போது. ஹேண்ட்பிரேக்கில் ஃபில்டர்ஸ் பக்கத்தில், அந்தப் புள்ளிகளைக் குறைக்கும் டிநாய்ஸ் இருக்கிறது. அதில் என்எல்மீன்ஸ் என்பதை 'லைட்' அளவில் வையுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள். கூட்டினால் புள்ளிகளோடு சேர்த்து முகத்தில் வரைந்த கோடுகளையும் அழித்துவிடும். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டும் கட்டை வேஷத்துக்கு முகம் எழுத எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒப்பனைக் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கோடு அழிந்தால் வீடியோ வேகமாக ஓடி என்ன பயன்? அந்த மாதிரி இடங்களில் நான் பிட்ரேட்டை 2,500 வரை ஏற்றிவிடுவேன்.

ஒலியைக் குறைத்தால் கோப்பு இன்னும் சின்னதாகுமே?

ஆகும், ஆனால் மிச்சம் அற்பம். 128இல் இருந்து 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறக்கினால் நிமிடத்துக்கு அரை எம்.பி.கூடக் குறையாது. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை முகவீணை, கூத்தில் ஊதும் சின்னக் குழல் வாத்தியம். அதன் கீச்சுக் குரலும் தாளத்தின் ஓசையும் மேல் சுருதியில் இருப்பவை. குறைந்த பிட்ரேட்டில் முதலில் அடிபடுவது அவைதான், தகரத்தைத் தேய்ப்பது போலக் கேட்கும். கூத்தைக் கண் மூடிக் கேட்பவர்கள் நம் ஊரில் நிறைய. 720பி பிரதிக்கு, ஏஏசி என்ற ஒலி முறையில் 128 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போக வேண்டாம்.

சிலருக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது. எனக்கு நன்றாக ஓடுகிறது.

போன் எச்இவிசி முறையில் எடுத்திருக்கும். எச்.265 என்பதும் அதுதான். இடம் மிச்சம் பிடிக்கும் முறை, ஆனால் எல்லாச் சாதனத்திலும் எல்லா உலாவியிலும் ஓடாது. வலையில் வைக்கும் பிரதியை எச்.264 ஆக மாற்றுங்கள், எங்கும் ஓடும். ஐபோனில் கேமரா அமைப்பில் ஃபார்மட்ஸ் என்ற இடத்தில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்துவிட்டால் எடுக்கும்போதே எச்.264 கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவை ஏற்றலாமா?

வேண்டாம். ஏற்கெனவே நசுக்கப்பட்டது, அதை மறுபடி நசுக்கினால் எதுவும் மிஞ்சாது. எடுத்தவரிடம் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவில் வாங்குங்கள்.

நடுவில் இழுத்து ஒரு காட்சிக்குப் போனால் மறுபடி முதலில் இருந்தே ஓடுகிறது. ஐபோனில் சுத்தமாக ஓடவில்லை.

இது சர்வர் பக்கம். வீடியோ பார்க்கும் உலாவி, முழுக் கோப்பையும் கேட்காமல் "இங்கிருந்து இதுவரை கொடு" என்று துண்டு துண்டாகக் கேட்கும். இதை ரேஞ்ச் கோரிக்கை என்பார்கள். சர்வர் அதைப் புரிந்துகொண்டால் 206 என்ற எண்ணோடு அந்தத் துண்டை மட்டும் தரும். புரியாவிட்டால் 200 என்று சொல்லி முதலில் இருந்து மொத்தத்தையும் கொட்டும். ஐபோனின் சஃபாரி இதில் கண்டிப்பானது, ரேஞ்ச் இல்லாத சர்வரில் இருந்து வீடியோவை ஓட்டாது.

கணினியில் எஃப்12 அமுக்கி, நெட்வொர்க் என்ற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவை ஓட்டுங்கள். கோப்பின் வரிசையில் 206 இருந்தால் நல்லது. 200 இருந்தால், கோப்பு நேராகப் போகாமல் ஏதோ ஒரு நிரல் வழியாகப் போகிறதா என்று பாருங்கள். உறுப்பினர்கள் மட்டும் பார்க்கட்டும் என்று பூட்டு வைக்கும் பிளகின்கள், பதிவிறக்கத்தை எண்ணும் பிஎச்பி நிரல்கள் ஆகியவை பெரும்பாலும் இதைக் கெடுக்கும். அப்பாச்சி, எஞ்ஜினெக்ஸ் ஆகிய சர்வர் மென்பொருள்கள் இரண்டும் சாதாரணக் கோப்புகளுக்குத் தாமாகவே ரேஞ்ச் தருகின்றன. ஆகவே கோப்பை நேராகக் கொடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

206 வந்தும் இழுக்கும்போது தாமதமானால், கீ ஃபிரேம் இடைவெளியைப் பாருங்கள். முழுமையாக எழுதப்பட்ட காட்சியில் இருந்துதான் படத்தைத் தொடங்க முடியும். இரண்டு விநாடிக்கு ஒன்று இருக்கட்டும். விநாடிக்கு 25 காட்சி என்றால் 50 காட்சிக்கு ஒன்று.

பத்து நாள் கூத்தையும் ஒரே பக்கத்தில் போட்டிருக்கிறேன். பக்கமே திறக்க மாட்டேன் என்கிறது.

ஒவ்வொரு வீடியோவும் யாரும் அமுக்காமலே கொஞ்சம் கொஞ்சம் இறங்கத் தொடங்குகிறது. வீடியோக் குறியில் பிரீலோடு என்ற பண்பை 'நன்' என்று வையுங்கள். அமுக்கும்வரை ஒரு பைட்கூட இறங்காது. அதற்குப் பதிலாகப் போஸ்டர் என்ற இடத்தில் ஒரு நிலைப்படம் கொடுங்கள், 100 கே.பி.க்குள் இருக்கட்டும். ஆட்டோபிளே வேண்டவே வேண்டாம்.

ஒரே ஒரு வீடியோ உள்ள பக்கத்தில் மட்டும் 'மெட்டாடேட்டா' என்று வைக்கலாம். அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும், அமுக்கியதும் தொடங்கும்.

சாதாரண நாளில் ஓடுகிறது. கெங்கையம்மன் சிரசு அன்று மட்டும் நின்றுவிட்டது. ஏன்?

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவில் அம்மனின் சிரசு ஏறும்போது, ஊரில் இல்லாதவர்கள் எல்லோரும் போனைத்தான் பார்ப்பார்கள். துபாயில் இருப்பவரும் பெங்களூரில் இருப்பவரும் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள்.

உங்கள் சர்வரின் வெளிவாசல், அதாவது அது வெளியே அனுப்பக்கூடிய மொத்த வேகம், 100 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.1 எம்பிபிஎஸ் வீடியோவை அதிகபட்சம் 47 பேர் ஒன்றாகப் பார்க்கலாம். 48ஆவது ஆள் வந்தால் அவர் மட்டும் நிற்க மாட்டார், எல்லோருக்கும் தடங்கும். ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் அந்த வாசலையும் வேறு பல தளங்களோடு பகிர்ந்துகொள்கிறீர்கள். 'அன்லிமிடெட்' என்று விளம்பரத்தில் இருப்பது மாதத்துக்கு எத்தனை ஜி.பி. என்பதைப் பற்றியது. ஒரே நொடியில் எத்தனை பேர் என்பதற்கு அது பதில் அல்ல.

அன்றைக்கே சமாளிக்க ஒரு வழி, 720பியை எடுத்துவிட்டு 480பி பிரதியை அந்த இடத்தில் வைப்பது. 0.9 எம்பிபிஎஸ் என்றால் அதே வாசலில் 111 பேர் பார்க்கலாம். இதற்காகவே இரண்டு பிரதியும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்கிறேன். நிலையான வழி சிடிஎன். கோப்பின் நகலைப் பல ஊர்களில் உள்ள சர்வர்களில் வைத்து, பார்ப்பவருக்கு அருகில் இருப்பதில் இருந்து கொடுப்பார்கள். உங்கள் சர்வர் ஒருமுறை கொடுத்தால் போதும். சேரும்முன் விதிகளைப் படியுங்கள். இலவசத் திட்டங்கள் சிலவற்றில் வீடியோவுக்குக் கட்டுப்பாடு உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் கோப்பின் முகவரியை வேறொரு தளம் எடுத்துத் தன் பக்கத்தில் ஓட்டினால், பார்வை அவர்களுக்கு, பாரம் உங்களுக்கு. சர்வர் பதிவேட்டில் தெரியாத தளத்தின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஹாட்லிங்க் தடுப்பைப் போடுங்கள்.

என் சர்வர் அமெரிக்காவில் இருக்கிறது. இந்தியாவுக்கு மாற்றினால் வேகம் கூடுமா?

தொடங்கும் வேகம் கூடும். இங்கிருந்து அமெரிக்காவுக்கு ஒரு கேள்வி போய்ப் பதில் வரச் சுமார் கால் விநாடி. முகவரி தேடுவது, இணைப்பு பிடிப்பது, பாதுகாப்புக்காகப் பூட்டுச் சாவி மாற்றிக்கொள்வது, பிறகு கோப்பைக் கேட்பது என்று பல தடவை பேச வேண்டியிருப்பதால், முதல் பைட் வரவே ஒரு விநாடி ஆகிவிடும். அட்டவணை கடைசியில் இருந்தால் இன்னும் கூடும். சென்னை, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் எல்லா இடத்திலும் டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. அங்கே என்றால் இந்தப் பேச்சு முழுவதும் ஒரு சிட்டிகை நேரத்தில் முடியும்.

ஆனால் 17 எம்பிபிஎஸ் கோப்பை அமெரிக்காவில் இருந்து சென்னைக்கு மாற்றினாலும் ஒடுகத்தூரில் அது நின்றுதான் ஓடும். கோப்பைச் சரிசெய்த பிறகு இடமாற்றத்தை யோசியுங்கள்.

வீட்டுக் கணினியையே சர்வராக வைத்தால் செலவில்லையே?

எனக்கு விருப்பமில்லை. பல வீட்டு இணைப்புகளில் இறங்கும் வேகத்தைவிட ஏறும் வேகம் குறைவு. பார்ப்பவருக்குப் போவது உங்கள் ஏறும் வேகத்தில்தான். பல நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதால் வெளியில் இருந்து உள்ளே வரவே முடியாது. கரன்ட் போனால் கூத்தும் போகும்.

எச்எல்எஸ் என்கிறார்களே, அது எனக்குத் தேவையா?

ஐந்து நிமிடத் துணுக்குக்குத் தேவையில்லை. விடிய விடிய நடக்கும் கூத்தை முழுதாக வைப்பவர்களுக்குத் தேவை.

ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த முறை இது. வீடியோவை ஆறு விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 360பி, 480பி, 720பி என்று பல அளவில் வைத்து, ஒரு பட்டியல் கோப்பில் எல்லாவற்றையும் எழுதி வைப்பது. பார்ப்பவரின் சிக்னலுக்கு ஏற்ப அடுத்த துண்டை எந்த அளவில் எடுப்பது என்று பிளேயரே முடிவு செய்யும். காட்பாடி ரயில் நிலையத்தில் 720பியில் பார்க்கத் தொடங்கியவருக்கு, ரயில் ஜோலார்பேட்டையை நோக்கிப் போகும் வழியில் சிக்னல் குறைந்தால் 360பிக்கு இறங்கும், நிற்காது. எட்டு மணி நேரக் கூத்தில் நடுவில் எந்த இடத்துக்குத் தாவினாலும் அந்தத் துண்டு மட்டும்தான் இறங்கும்.

சஃபாரி இதைத் தானாகவே ஓட்டும். மற்ற உலாவிகளையும் நம்பிக்கையாகச் சேர்க்க எச்எல்எஸ்.ஜேஎஸ் என்ற இலவச நிரலைப் பக்கத்தில் வைக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கே வெட்டிக் கொடுத்துவிடும். எல்லா அளவிலும் கீ ஃபிரேம் ஒரே இடத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் அளவு மாறும்போது படம் துள்ளும். அந்த இரண்டு விநாடி இடைவெளி இங்கேயும் உதவும், ஆறு விநாடிக்கு அது சரியாக வகுபடும். ஒரு கூத்துக்கு ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உருவாகும் என்பதால், ஷேர்டு ஹோஸ்டிங்கில் கோப்பு எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? யூடியூபில் போட்டுவிடலாமே?

பலருக்கு அதுதான் சரியான வழி, தயங்காமல் போடுங்கள். அளவு பிரிப்பது, உலகம் முழுக்க நகல் வைப்பது எல்லாவற்றையும் அவர்களே செய்துகொள்கிறார்கள்.

நான் சொந்த சர்வரில் வைப்பதற்குக் காரணம் ஜமாக்களோடு நான் செய்த பேச்சு. துகில் உரியும் காட்சியில் பாஞ்சாலி கண்ணனைக் கூப்பிடும் இடத்தில் விளம்பரம் வரக் கூடாது என்று ஒரு வாத்தியார் கேட்டுக்கொண்டார். நாளைக்கு வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அன்றே எடுத்துவிட முடிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் காட்டும்போது பக்கத்தில் வேறு வீடியோ எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது. இப்படி உங்களுக்கும் காரணம் இருந்தால் இந்தப் பாடு தகும்.

என் வீட்டில் வேகமாக ஓடுகிறது. மற்றவர்களுக்கு எப்படி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் ஏற்கெனவே பார்த்த கோப்பு உங்கள் உலாவி சேமித்து வைக்கும் கேஷில் இருக்கும், அதனால் உங்களுக்கு எப்போதும் வேகமாகத்தான் தெரியும். மறைநிலைச் சாளரத்தில் திறந்து, எஃப்12இல் நெட்வொர்க் பக்கத்தில் வேகத்தை மெதுவான 4ஜி, 3ஜி என்று இறக்கி வைத்துப் பாருங்கள்.

அதற்கு மேல் நான் செய்வது, பழைய போன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒடுகத்தூர் பேருந்து நிலையத்துக்குப் போவது. மாலையில், எல்லோரும் போன் பார்க்கும் நேரத்தில். அங்கே ஐந்து விநாடிக்குள் தொடங்கி, பத்து நிமிடம் நிற்காமல் ஓடினால்தான் அந்தக் கோப்பை அறிவிக்கிறேன். ஓடாவிட்டால் திரும்பி வந்து மறுபடி சுருக்குகிறேன்.

சுருக்கி முடித்ததும் மூலக் கோப்பை அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். சுருக்கியதில் இருந்து மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அன்றிரவு ஆடியவர் அடுத்த ஆண்டு வேஷம் கட்ட இல்லாமல் போகலாம். இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். ஊர், தேதி, ஜமா, கதை நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். நாளைக்கு இன்னும் நல்ல சுருக்கும் முறை வந்தால் மூலத்தில் இருந்துதான் புதுப் பிரதி எடுக்க வேண்டும்.

எல்லாம் சரிசெய்து புதுக் கோப்பை ஏற்றிவிட்டேன். ஆனால் பழையதே ஓடுகிறது.

பெயரை மாற்றாமல் ஏற்றியிருப்பீர்கள். பார்ப்பவரின் உலாவியிலும் சிடிஎன்னிலும் பழைய நகல் அதே பெயரில் கிடக்கிறது. கோப்பின் பெயர்க் கடைசியில் 2 என்று சேர்த்து ஏற்றி, பக்கத்தில் முகவரியை மாற்றுங்கள். அடுத்த நொடியில் இருந்து புதியது ஓடும்.